சேற்று டயர் வாங்கக் கிளம்பிய நண்பனுக்கு

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு லேசானது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். சண்டை போட ஆள் இல்லாமல் சின்னவன் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறான்.

சரி, டயர் கதைக்கு வருகிறேன். கடிதத்தில் முக்கால்வாசி அதைத்தானே எழுதியிருக்கிறாய்! சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயர் போட்டால் பிக்கப் முரட்டுக் காளை மாதிரி நிற்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீயே எழுதியிருக்கிறாய்: தினமும் ஓடுவது தார் ரோட்டில், நிலத்துக்குப் போகிற மண்பாதை அவ்வப்போது, சகதி மழைக்காலத்தில் மட்டும். இந்த ஓட்டத்துக்கு ரோடு, மண்பாதை இரண்டுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர்தான் சரி என்பேன். காரணத்தைப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

மட் டெரெய்னில் பட்டன் கட்டைகள், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், பெரிது, இடைவெளியும் அகலம். சக்கரம் சுழலும் வேகத்தில் இடைவெளியில் அப்பிய சேறு தெறித்துப் போய்விடும், கட்டை மறுபடியும் மண்ணைக் கடிக்கும். ஆல் டெரெய்ன் தோற்பது இந்த இடத்தில்தான். ஒட்டுகிற களிமண்ணில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பார், பட்டனே தெரியாது. குச்சியை விட்டு நோண்டினால் விரல் கனத்துக்குக் களி பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். அந்த நிலையில் அது மொட்டை டயர்தான். தினமும் களிமண்ணில் இறங்கி ஏற வேண்டிய பிழைப்பு என்றால் மட் டெரெய்ன் வாங்கு என்று நானே சொல்லுவேன்.

தார் ரோட்டில் கதை தலைகீழ். இடைவெளி அதிகம் என்றால் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. ஆல் டெரெய்னின் கட்டைகளில் கத்தியால் கீறியது போல் மெல்லிய வெட்டுகள் நிறைய ஓடும். ஈர ரோட்டில் பிடி கொடுப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. மட் டெரெய்னில் அவை குறைவு, அதனால் மழையில் பிரேக் மிதித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். அதிலும் காலி பிக்கப்பில் பின்பக்கம் பாரமே இருக்காது. ஈர வளைவில் பின்சக்கரம் வழுக்கப் பார்க்கும். எனக்குப் பெரிய பயம் இதுதான். இரைச்சல், டீசல் செலவு எல்லாம் அதற்கு அப்புறம். இரைச்சலும் சும்மா இல்லை, கட்டைகள் ஒருபக்கமாகத் தேயத் தேய அது கூடிக்கொண்டே போகும். 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது முன்பின் சக்கரங்களை மாற்றிப் போட்டால் கொஞ்சம் அடங்கும்.

ஆல் டெரெய்ன் என்றால் அரைகுறைச் சரக்கு என்று நினைக்காதே. பிஎஃப்குட்ரிச் டயர் கம்பெனி 1976-லேயே ரேடியல் ஆல் டெரெய்ன் டயரைக் கொண்டுவந்து மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பந்தயத்தில் ஓடவிட்டது. அவர்களுடைய மட் டெரெய்ன் வந்ததே 1980-ல்தான்.

பட்டன் அழகைப் பார்த்து மயங்கும் நேரத்தில் டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளைப் படி. 265/65 ஆர்17 என்றால் அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம். 65-க்குப் பதில் 70 போட்டால் டயரின் விட்டம் ஏறத்தாழ 26 மில்லிமீட்டர் கூடும், ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பு ஓடியதைவிட 3 கிலோமீட்டர் வேகமாக ஓடிக்கொண்டிருப்பாய். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று கடையை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடு, ரிவர்ஸிலும் பார்.

பாரம் சுமக்கிற வண்டி என்பதால் லோடு இண்டெக்ஸ், அதாவது டயர் தாங்கும் பாரத்தைக் குறிக்கும் எண், முக்கியம். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 121 என்றால் 1,450. கம்பெனி போட்டுக் கொடுத்த எண்ணுக்குக் கீழே மட்டும் இறங்காதே. அளவுக்கு முன்னால் ‘எல்டி’ என்று இருந்தால் லைட் டிரக் வகை. பக்கச் சுவர் கெட்டி, கூரான கல்லில் சீக்கிரம் கிழியாது. கடைக்காரர் ‘10 பிளை’ என்பார். உள்ளே பத்து அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை, பலத்துக்கு வைத்த கணக்கு அது. காலி வண்டியில் அது தூக்கித் தூக்கிப் போடும். உன் லோடுக்கு 6 பிளையே போதும் என்றால் உன் முதுகு பிழைக்கும்.

இங்கே பலரும் கோட்டைவிடுகிற ஒன்று உண்டு. கார் வகை டயர் 35 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தாங்கிய பாரத்தை எல்டி டயர் தாங்க அதைவிட அதிகக் காற்று வேண்டும். கதவோர ஸ்டிக்கரில் இருக்கும் கணக்கு, வண்டியோடு வந்த டயருக்கானது. வகை மாறினால் டயர் கம்பெனியின் பார அட்டவணையைக் கேட்டு வாங்கி அதன்படி காற்றடி.

மழைக்காலச் சகதிக்கு என்ன வழி என்று கேட்பாய். இறங்குவதற்கு முன்பே காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறை, சிக்கிய பிறகு இல்லை. டயர் நீளவாக்கில் படிந்து பிடி கூடும். மெதுவாகப் போ, ஸ்டீயரிங்கைச் சடாரென்று ஒடிக்காதே. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோடு ஏறியதும் மறுபடி காற்றடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கலாம். 12 வோல்ட் கம்ப்ரெசர் ஒன்று சீட்டுக்கு அடியில் கிடக்கட்டும். மட் டெரெய்னுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் அதை வாங்கிவிடலாம்.

ஸ்டெப்னியும் அதே அளவில் வாங்கு. ஃபோர் வீலில் ஓட்டும்போது ஒரு சக்கரம் மட்டும் விட்டம் மாறினால், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அடி வாங்கும். தயாரித்த தேதியையும் பார். பக்கவாட்டில் ‘DOT’ என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2423 என்றால் 2023-ன் 24-வது வாரம்.

கதவோர ஸ்டிக்கரையும், பழைய டயரின் பக்கவாட்டு எழுத்துகளையும் படமெடுத்து அனுப்பு. லோடு ஏற்றினால் எவ்வளவு ஏற்றுவாய் என்றும் எழுது, சும்மா ‘நிறைய’ என்று எழுதாதே, கிலோவில் சொல். பார்த்துவிட்டு எந்த அளவு, எத்தனை பிளை என்று பதில் போடுகிறேன். அம்மாவை ரொம்ப விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்