கையுறை மாட்டிய மகளுக்கு

பெகு, பர்மா

அன்பு மகளுக்கு,

சிங்கப்பூரில் வேலை முடிந்ததும் நீ முவே தாய் என்ற தாய்லாந்துக் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போகிறாய் என்பதை அம்மா அத்தையிடம் சொல்லிவிட்டாள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அது?" என்று அத்தை கேட்க, "தற்காப்புக்கு" என்றாள் அம்மா. அத்தை அதோடு அடங்கிவிட்டார். அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு மரியாதை.

எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எவனோ அடித்துவிட்டான், திருப்பி அடிக்க வேண்டும் என்று உன் தாத்தாவிடம் சிலம்பக் கம்பு பழக வந்தவர்கள் சீக்கிரமே நின்றுவிடுவார்கள். கோபம் ஆறியதும் காலடி வரிசை சலித்துப்போகும். வருஷக்கணக்கில் வந்தவர்களுக்கு எதிரி என்று யாரும் இருந்ததில்லை. 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு சிஷ்யர்களில் பலர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள் என்று தாத்தா சொல்வார். நான் பார்த்தது மிச்சமிருந்தவர்களை. அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர்கள், மாட்டு வண்டி ஓட்டியவர்கள். பகலெல்லாம் ஏச்சு வாங்கிய மனிதர், சாயங்காலம் தரையைத் தொட்டுக் கும்பிட்டுக் கம்பை எடுத்தால் வேறு ஆள். அங்கே அவர் கூலியாள் இல்லை, வாத்தியாரின் சிஷ்யன். தாத்தா ஒரு தலையசைப்பு தந்தால் அன்று வீட்டுக்குப் போகும் நடையே மாறியிருக்கும்.

அதே களம் அவரைத் தலைக்கனம் பிடிக்கவும் விடாது. சில நாள் கம்பு நுனியில் கரிப்பொடியைக் குழைத்துத் தடவி ஆடவிடுவார் தாத்தா. யார் உடம்பில் குறி அதிகமோ அவர் தோற்றவர். "நான் தடுத்துட்டேன்" என்று வாதாட வழியில்லை, முதுகில் கரி இருக்கும். வெளியே நம்மைப் பற்றி நாம் சொல்லிக்கொள்வதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இங்கே உடனே தெரிந்துவிடும். அதற்காகத்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். நீயும் போன வாரம் போனில் அதைத்தான் சொன்னாய்: "அங்க போனா நான் யாருன்னு எனக்கே தெரியுதுப்பா."

இளவயதில் பர்மியக் கூட்டாளிகளோடு திருவிழாக்களில் லெத்வே என்ற பர்மியக் குத்துச்சண்டை பார்க்கப் போவேன். உங்கள் முவே தாயில் கை, கால், முட்டி, முழங்கை என்று எட்டு ஆயுதம் என்பார்கள். இங்கே தலையால் முட்டவும் செய்யலாம், ஆக ஒன்பது. கையுறை கிடையாது, துணியும் பட்டையும் சுற்றிய வெறும் கை. இடது கையை மடக்கி, வலது உள்ளங்கையால் அதில் படீரென்று தட்டித்தான் எதிராளியை அழைப்பார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை ஆடிய சா பா நியெய்ன்தான் பிற்பாடு ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களிடம் கற்று, இதற்கு இன்றைய விதிகளை வகுத்தவர்.

எனக்குப் பிடித்தது ஒரு பழைய வழக்கம். லெத்வேயில் அந்த முறைப்படி புள்ளிக் கணக்கு இல்லை. 5 சுற்று முடிந்து இருவரும் நின்றுகொண்டிருந்தால் சமன். அப்படி முடிந்த ஆட்டத்துக்குப் பிறகு, முகம் வீங்கிய இரண்டு பேர் கட்டிப்பிடித்துச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜெயிக்காத வருத்தமே அவர்கள் முகத்தில் இருக்காது. தங்களை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அந்தச் சிரிப்பில் தெரியும். மார்பில் "போர்வீரன்" என்று அச்சடித்த பனியனோடு திரிகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். தாத்தா தன்னை அப்படியெல்லாம் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. யாராவது கேட்டால், "கம்பு கொஞ்சம் தெரியும்" என்பார்.

இன்னொரு வழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மயங்கி விழுந்தவனுக்கு 2 நிமிடம் கொடுத்து, தெளியவைத்து, மறுபடி சண்டைக்கு இறக்கிவிடலாம். கூட்டம் கைதட்டும். தலையில் வாங்கிய முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால் மூளைக்குப் பேராபத்து. அதைப் போய் வீரம் என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

அதனால்தான், நீ கேட்ட அமெச்சூர் போட்டிக்கு "சரி" என்று சொல்வதற்கு முன் சில விஷயம் கேட்கிறேன். தலைக்கவசம் உண்டா? எதிராளி உன் எடைதானா? அவளுக்கு எவ்வளவு பழக்கம்? களத்தருகே டாக்டர் இருப்பாரா? உன் பயிற்சியாளரிடம் இதையெல்லாம் கேட்க வெட்கப்படாதே. இதற்கு முகம் சுளிக்கிறவரிடம் போட்டிக்குப் போக வேண்டாம், பயிற்சியோடு நிறுத்திக்கொள். பயிற்சியிலேயே அடிபட்டு அப்புறம் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போ. அவர் சொல்லும்வரை களத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. ஆட்டம் தெரிந்தவர்கள் யாரும் இதற்காக உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

இந்த மாதம் எங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். அந்தக் கூடத்தில் பத்துப் பேர் வியர்வை ஊறிய கையுறையை மாட்டுவதாகச் சொன்னாயே, அதை விட்டுவிட்டு உனக்கென்று ஒரு ஜோடி வாங்கிக்கொள். போட்டித் தேதி முடிவானால் முதலில் எனக்குச் சொல். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அப்பா