தபால் திரும்பி வந்த பிறகும் 'சம்மன் சார்பு செய்யப்பட்டது' என்று எழுதலாமா?

நீதிமன்ற நடைமுறை விதிகளை எழுதுகிறவர்களுக்கும், அவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கும்,

வணக்கம். ஒருவர் மேல் வழக்குப் போட்டால் அது அவருக்குத் தெரிய வேண்டும், வந்து தன் பக்கத்தைச் சொல்ல அவகாசம் வேண்டும். சம்மன் இருப்பதே அதற்காகத்தான். 'சார்பு செய்யப்பட்டது' என்றால் உரியவரிடம் சேர்ப்பித்தாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் நடைமுறையில், அனுப்பியவர் விதிப்படி அனுப்பினாரா என்று பார்க்கிற அக்கறையில் பாதிகூட அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில் இல்லை.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் எழுந்த ஜோன்ஸ் எதிர் ஃப்ளவர்ஸ் வழக்கைப் பாருங்கள். மனைவியைப் பிரிந்து வேறிடம் போய்விட்டவர், அவருடைய பழைய வீட்டுக்கு வரி பாக்கி. வரி கட்டாவிட்டால் வீடு விற்கப்படும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற தபால் அந்த விலாசத்துக்குப் போனது. கையெழுத்துப் போட ஆளில்லை, திரும்பி வந்தது. அப்புறம் செய்தித்தாளில் ஒரு விளம்பரம், மறுபடி அதே மாதிரி தபால், அதுவும் திரும்பி வந்தது, கடைசியில் சுமார் 80,000 டாலர் பெறுமான வீடு 21,042 டாலருக்குப் போய்விட்டது. 2006-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. கையில் கிடைத்தே ஆக வேண்டும் என்று நீதிபதிகள் சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். தபால் திரும்பிவிட்டது என்று தெரிந்த பிறகும் அரசு கையைக் கட்டிக்கொண்டு இருந்ததுதான் தவறு. ஒரு சாதாரணத் தபால் போட்டிருக்கலாம், கதவில் ஒட்டியிருக்கலாம் என்றார்கள்.

கதவில் ஒட்டினால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 1982-ல் அதே நீதிமன்றத்துக்கு வந்த கிரீன் எதிர் லிண்ட்சி வழக்கில், ஒட்டின நோட்டீஸைக் குழந்தைகள் கிழித்துவிடுகிறார்கள் என்பது ஒட்டப் போனவர்களுக்கே தெரிந்திருந்தது. தெரிந்தேதான் ஒட்டினார்கள்.

வேண்டுமென்றே ஒளிந்துகொள்கிறவனை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தபாலை வாங்க மறுத்தவருக்கு அது கிடைத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 'வாங்க மறுத்தார்', 'கதவு பூட்டியிருந்தது', 'அந்த விலாசத்தில் ஆள் இல்லை' மூன்றும் ஒன்றா? மறுத்தவருக்கு விஷயம் தெரியும். மற்ற இருவருக்கும் தெரிந்ததாக நீங்களாக முடிவு கட்டுகிறீர்கள்.

இந்தியாவில் செக் மோசடி வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2007-ல் அலவி ஹாஜி தீர்ப்பில் சொன்ன வழி எனக்குப் பிடித்திருக்கிறது. வழக்குக்கு முன் பணம் கேட்டு அனுப்புகிற நோட்டீஸ் வரவே இல்லை என்கிறாயா, சரி, நீதிமன்றச் சம்மன் வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டு வந்து சொல், கட்டாவிட்டால் அந்தச் சாக்கைச் சொல்லாதே. நேர்மையானவனுக்கு இழந்த வாய்ப்பு திரும்பக் கிடைக்கிறது, ஏமாற்றுக்காரனின் சாக்கும் போய்விடுகிறது.

இப்போது எல்லோரும் வாட்ஸ்அப் வாட்ஸ்அப் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2008-லேயே ஒரு நீதிமன்றம் ஃபேஸ்புக் வழியாக ஆவணம் அனுப்ப அனுமதித்துவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றமோ பெருந்தொற்றுக் காலமான 2020-ல் வாட்ஸ்அப், மின்னஞ்சல் வழியை அனுமதித்தாலும், 2025 ஜனவரியில், விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைப் போலீஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று சொன்னது. வராவிட்டால் கைது வரை போகலாம் என்பதால் அது சரிதான். மற்ற வழக்குகளில் கூடுதல் வழியாக இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் நீல டிக்கை ஆதாரமாகக் காட்டாதீர்கள், அதை அணைத்து வைக்க யாராலும் முடியும், போன் வேறொருவர் கையிலும் இருக்கலாம்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. எதிராளி வராமலே கொடுக்கிற ஒருதலைப்பட்சத் தீர்ப்புக்கு முன் வாதியைச் சத்தியப் பிரமாணத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எதிராளியைத் தொடர்புகொள்ள உங்களிடம் இருக்கிற, இதுவரை முயலாத போன் எண், மின்னஞ்சல், அலுவலக விலாசம் ஏதாவது உண்டா? கடனை வசூலிக்கத் தினமும் கூப்பிடத் தெரிந்த எண், சம்மன் அனுப்பும்போது மட்டும் எப்படியோ மறந்துபோகிறது. உண்டு என்றால் அதிலும் முயன்றுவிட்டு வரச் சொல்லி ஒரு வாய்தா கொடுங்கள், இல்லை என்று பொய் சொன்னது பின்னால் தெரியவந்தால், காலக்கெடு முடிந்துவிட்டது என்று பிரதிவாதியை நாள் கணக்குக் காட்டி விரட்டாமல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யுங்கள், செலவையும் வாதி தலையிலேயே கட்டுங்கள்.