பிளேட்டிங்குக்குப் பிறகும் ஒருமுறை அள

கோவை

அன்புள்ள வேலு,

உன் கடிதமும் டிராயிங் நகலும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். முதல் ஜெர்மனி ஆர்டர், 2,000 ஷாஃப்ட் (எஃகுத் தண்டு), அதுவும் கிரைண்டிங் முடித்து ஜிங்க் பிளேட்டிங்கோடு, அதாவது துத்தநாகப் பூச்சோடு. கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நீ எழுதிய இன்ஸ்பெக்‌ஷன் முறையில் எல்லா அளவையும் பிளேட்டிங்குக்கு முன்னால் எடுத்து முடித்துவிடுகிறாய். அதுதான் இடிக்கிறது. அங்கே அவர்கள் அளக்கப்போவது பெட்டியிலிருந்து எடுக்கிற பீஸை அல்லவா?

கணக்குப் போட்டுப் பார். 25 மி.மீ. விட்டத்துக்கு எச்6 (சிறிய எச்) வகுப்பு என்றால் 24.987-க்கும் 25.000-க்கும் நடுவே வெறும் 13 மைக்ரான், ஒரு மைக்ரான் மி.மீ.-ல் ஆயிரத்தில் ஒரு பங்கு. குறைந்தது 8 மைக்ரான் ஜிங்க் கேட்டிருக்கிறார்கள். பிளேட்டிங்காரர் 12 வரை ஏற்றிவிடுவார் என்று வை. இரண்டு பக்கமும் ஏறுவதால் விட்டம் 16 முதல் 24 மைக்ரான் பெருக்கும். அப்படியானால் கிரைண்டிங்கை 24.971-க்கும் 24.976-க்கும் நடுவே நிறுத்த வேண்டும். ஐந்து மைக்ரான்! 2,000 பீஸுக்கும் அதைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. போதாததற்கு, ஜிங்க் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் ஏறாது. முனையில் தடிக்கும், பள்ளத்தில் மெலியும். எனவே இந்த அளவு பிளேட்டிங்குக்கு முன்பா பின்பா, கிரைண்டிங் பகுதியைப் பிளேட்டிங் இல்லாமல் எண்ணெயோடு விடலாமா என்று இன்றைக்கே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடு. போனில் சொன்னது நாளைக்கு நிற்காது.

த்ரெட்டில், அதாவது திருகுப் புரியில், இன்னும் மோசம். 60 பாகை த்ரெட்டில் பிட்ச் விட்டம் (புரியும் பள்ளமும் சம அகலமாக இருக்கும் இடத்து விட்டம்) பூச்சின் கனத்தைப்போல் நான்கு மடங்கு ஏறும். 10 மி.மீ. புரியான எம்10, 1.5 பிட்ச்சில், 6ஜி வகுப்புக்கு அடிப்படை அளவுக்குக் கீழே கிடைக்கிற சலுகையே 32 மைக்ரான். 8 மைக்ரான் ஜிங்க் அதை முழுசாகத் தின்றுவிடும். 12 ஏறினால் 48. அதனால் பிளேட்டிங்குக்கு முன் பிட்ச் விட்டம் 8.978-ஐத் தாண்டக் கூடாது. கீழ் எல்லை 8.862 இருக்கிறதே, தாராளமாக இறக்கு. பிளேட்டிங்குக்குப் பிறகு, சலுகை இல்லாத 6எச் (சிறிய எச்) வகுப்பின் கோ ரிங் கேஜ், அதாவது ஏற வேண்டிய சோதனை வளையம், கையால் சுற்றினாலே முழு நீளமும் ஏற வேண்டும். நோ கோ வளையம் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறக் கூடாது.

சென்டர்லெஸ் கிரைண்டிங் (பீஸை மையத்தில் பிடிக்காமல் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உருட்டித் தேய்ப்பது) என்று எழுதியிருக்கிறாய். அதில் மூன்று மூலைக் கோணல் வருவதுண்டு. மைக்ரோமீட்டர் எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே அளவைக் காட்டும், ரிங் கேஜில் மட்டும் நுழையாது. 60 பாகை வீ பிளாக்கில் (வீ வடிவப் பள்ளமுள்ள கட்டை) வைத்து, டயலை மேலே தொடவிட்டு உருட்டு. முள் ஆடினால் தெரிந்துவிடும். செட்டப்பில் ஒரு பீஸ், பிறகு மணிக்கு ஒரு பீஸ் போதும்.

ஏசி ரூம் இல்லையே என்று வருந்தியிருந்தாய். ஒப்பிட்டு அளக்கிற மாஸ்டர் பீஸும் எஃகு, ஷாஃப்டும் எஃகு. இரண்டும் ஒரே மேஜையில் இரண்டு மணி நேரம் கிடந்தால் வித்தியாசம் அடிபட்டுப் போகும். மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தால்தான் வம்பு: 15 டிகிரி கூடினால் 25 மி.மீ. எஃகு 4 மைக்ரானுக்கு மேல் பெருக்கும், உன் 13-ல் மூன்றில் ஒரு பங்கு. அலுமினிய வேலை வந்தால் அப்போது வேறு கணக்கு.

சாம்பிள் எத்தனை எடுப்பது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 2859-1 தரநிலையைப் பார். 2,000-க்கு இரண்டாம் நிலையில் 125 பீஸ், ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை அளவு) 1.0 என்றால் மூன்று வரை பாஸ், நான்கானால் லாட்டே ரிஜெக்ட். மூன்று கெட்டதை அனுப்ப அனுமதி என்று சிலர் நினைக்கிறார்கள். கையில் அகப்பட்ட கெட்டதை மாற்றித்தான் ஆக வேண்டும். த்ரெட்டுக்கும் 25 மி.மீ. விட்டத்துக்கும் நான் பூஜ்யம்தான் வைப்பேன். மேல் தட்டிலிருந்தே 125-ஐயும் அள்ளாதே, ஒவ்வொரு பிளேட்டிங் பேட்ச்சிலிருந்தும் எடு. ரிப்போர்ட்டில் ‘ஓகே’ என்று டிக் அடிக்காமல் அளந்த எண்ணையே எழுது.

டிராயிங்கில் சி45 எஃகு இருக்கிறது, நீ ஈ.என்.8 எஃகு வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். நம் ஊரில் இரண்டும் ஒன்று என்பார்கள். ஈ.என்.8-ல் கார்பன் 0.36 முதல் 0.44 சதவீதம், சி45-ல் 0.42 முதல் 0.50. எஃகைச் சோதித்த முடிவுகளைக் காட்டும் 3.1 சர்டிபிகேட் கேட்டிருப்பதால் ஹீட் நம்பரோடு (உருக்கிய தொகுதியின் எண்) உண்மை வெளியே வந்துவிடும். வாங்குவதற்கு முன் மில் சர்டிபிகேட்டைப் பார்த்துவிடு.

இனி பேக்கிங். ஒரு ஷாஃப்ட் 120 மி.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 460 கிராம் வரும். பெட்டிக்கு 40 வைத்தால் 18.5 கிலோ, மொத்தம் 50 பெட்டி. த்ரெட்டுக்குப் பிளாஸ்டிக் மூடி போடு, இல்லாவிட்டால் முதல் புரியே நசுங்கி, கேஜில் பாஸான பீஸ் அங்கே நட்டில் ஏறாது. கழுவி வந்த பீஸ் நன்றாக ஆறட்டும். சூட்டோடு பாலிதீன் பையில் கட்டினால் உள்ளே வேர்த்து, ஜிங்க் மேல் வெள்ளைத் துரு பூக்கும். வெறுங்கையால் தொட்ட இடத்தில் விரல் ரேகையே துருவாகும், கையுறை கொடு. துருவைத் தடுக்கும் ஆவியை வெளிவிடுகிற வி.சி.ஐ. பை வாங்கும்போது ஜிங்குக்கும் ஆகுமா என்று கேள். இரும்புக்கு மட்டுமென்று வருவதும் உண்டு. மரப் பாலெட்டில் பூச்சி பரவாமல் தடுக்கும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேண்டும், சூடுபடுத்தும் வழக்கமான முறை என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். முத்திரை இருந்தும் மழையில் நனைந்து கிடந்த பாலெட் என்றால் வேண்டாம், அந்த ஈரம் முழுவதும் கன்டெய்னருக்குள்தான் ஆவியாகும்.

பிளேட்டிங்காரரிடம் முதலில் 50 பீஸ் மட்டும் கொடுத்துப் பார். முன்னும் பின்னும் அளந்த எண்களை எனக்கு அனுப்பு. கிரைண்டிங் அளவை எங்கே நிறுத்துவது என்று சேர்ந்து முடிவு செய்வோம். ஜெர்மனியிலிருந்து பதில் வரும் வரை மீதி 1,950-ஐக் கிரைண்டிங்குக்கு ஏற்றாதே.

அன்புடன்,
சண்முகம்