தகரப் பெட்டிகளில் இருக்கும் வரலாற்றைக் காக்க ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில், இலங்கையிலிருந்து வந்து குடியேறிய வீடுகளில் ஒரு தகரப் பெட்டியாவது பரண்மேல் இருக்கும். பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தின் கடிதங்கள், தோட்டத்துச் சேமலாப நிதிக் (பி.எஃப்.) காகிதங்கள், ஹட்டனிலோ பதுளையிலோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் என்று அதற்குள் பலதும் கிடக்கும். இவற்றை ஸ்கேன் செய்து, கடல் கடந்து வந்த பெரியவர்களின் பேச்சையும் பதிவு செய்து, கோத்தகிரியில் ஓர் ஆவண அறை அமைக்க எங்கள் குழு இறங்கியிருக்கிறது. அதற்கு உங்கள் உதவியை வேண்டுகிறோம்.

இந்தக் காகிதங்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். 1948 பிப்ரவரி 4 அன்று இலங்கை சுதந்திரம் அடைந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே டி. எஸ். சேனாநாயக்க அரசு குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கேதான் பிறந்தார் என்று காட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்தே வயதானவர்களிடம் தகப்பனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? காப்பிக்கும் தேயிலைக்கும் ஆள் வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரைமார், ஆள் சேர்க்கும் கங்காணிகளை அனுப்பித் தமிழ்நாட்டிலிருந்து திரட்டிக் கொண்டுபோன மக்கள் இவர்கள். துரைமார் ஆட்சி முடிந்து நாடு தனக்கென்று ஒரு குடிமக்கள் பட்டியல் எழுதியபோது, ஏறத்தாழ 7 லட்சம் பேர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் இந்த மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். 1952 தேர்தலில் ஒருவர்கூட இல்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்து நின்ற இலங்கைத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தை எங்கள் பெரியவர்கள் இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்போது குடியுரிமை இல்லாமல் இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த மீதியையும் 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இரண்டு புதிய நாடுகள் தங்களுக்குள் மனிதர்களைப் பங்கு போட்டுக்கொண்டன. பங்கு போடப்பட்டவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று ஒரே லயத்துக் குடும்பங்கள் பிரிந்தன. இலங்கையின் தேயிலை மலைநாடான மலையகத்திலிருந்து தலைமன்னார் துறைமுகத்துக்கு ஓடிய ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அங்கிருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள், இன்றைய டேன்டீ, இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் உருவானது. இங்கே காட்டைத் திருத்திக் கன்று நட்டவர்கள் அவர்கள்தாம்.

அரசு ஆவணக் காப்பகங்களில் ஒப்பந்தங்கள் பத்திரமாக இருக்கின்றன. அந்த ஒப்பந்தம் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதற்கான சான்று அந்தந்த வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. நீலகிரி ஈரம் காகிதத்தை விடாது. பூஞ்சை பிடித்து எழுத்து மங்கிய பாஸ்போர்ட்டுகளை நாங்களே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறோம். பெரியவர் மறைந்ததும் பழைய குப்பை என்று பெட்டியோடு எரித்த வீடுகளும் உண்டு. பெரியவர்களாக வந்தவர்கள் இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே வரும் ஜூனில் மழை பிடிப்பதற்குள் முதல் கட்டப் பணியை முடித்துவிட வேண்டும்.

முதல் கட்டத்துக்கு 3,75,000 ரூபாய் தேவை. புத்தகத்தை விரித்துவைத்தே எடுக்கும் ஸ்கேனர், ஒலிப்பதிவுக் கருவி, ஈரம் புகாத அலமாரிகள், ஓராண்டு அறை வாடகை, வீடு வீடாகப் போகும் இரண்டு இளைஞர்களுக்கு ஊதியம் எல்லாம் இதில் அடக்கம். உறுப்பினர்கள் சேர்த்ததில் 1,10,000 ரூபாய் கையில் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் காகிதங்கள் முழுவதையும் படியெடுக்க 600 ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறோம். உங்களால் ஒரு குடும்பத்தின் செலவை ஏற்க முடிந்தால் அதுவே பெரிய உதவி. நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வரவு செலவு மாதந்தோறும் அறையின் சுவரில் ஒட்டப்படும்.

அசல் காகிதம் எதையும் நாங்கள் வைத்துக்கொள்ள மாட்டோம். உங்கள் வீட்டிலேயே படியெடுத்து உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். சொந்த விவரம் வெளியே தெரிய வேண்டாம் என்றால் பெயரை மறைத்தே வைப்போம். சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் அலைந்து காகிதம் என்றாலே அச்சப்படும் குடும்பங்கள் எங்களிடையே உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

பணம் தர இயலாதவர்கள் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். வால்பாறையிலோ திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் உறவினர்களுக்கும், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இன்னும் தொடர்பில் உள்ள சொந்தங்களுக்கும் இதை அனுப்புங்கள். அங்கிருந்து வந்த, இங்கிருந்து போன கடிதங்கள் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் பிரிந்த குடும்பங்களின் கதை முழுமையாகும். நன்கொடையைக் குழுவின் பொருளாளரிடம் நேரிலோ குழுவின் வங்கிக் கணக்கிலோ செலுத்தலாம்.

நன்றியுடன்,
ஆவண அறை அமைப்புக் குழுவினர்,
கோத்தகிரி