மருத்துவ இணைப்பால் நின்றுபோன சம்பந்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மருத்துவ இணைப்பில் ஆறாத கால் புண்ணைப் பற்றிய கட்டுரையை, "மரபணுவில் எழுதியிருப்பதை மருந்து மாற்றாது" என்று முடித்திருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு, என் தம்பி மகளைப் பெண் பார்த்துப் போன மார்த்தாண்டத்து வீட்டார் போன் செய்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கும் பாட்டிக்கும் காலில் புண் இருந்ததாமே என்று விசாரித்தார்கள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. தங்கள் விழிப்புணர்வுப் பணிக்கு நன்றி.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் இருவருக்கும் நரம்புச் சுருட்டல், அதாவது காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் புடைத்துச் சுருளும் நோய், இருந்தால் பிள்ளைகளில் 90 சதவீதம் பேருக்கு அது வரக்கூடும் என்று 1994-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு சொன்னது. ஆனால் சுருட்டல் வேறு, புண் வேறு. தங்கள் கட்டுரையாளர் பெரிதாகக் காட்டிய சி282ஒய் என்ற மரபணு மாற்றம், சுருட்டல் உள்ளவருக்குப் புண் வரும் வாய்ப்பை ஏறக்குறைய ஏழு மடங்காக்குவதாகக் கண்டது இத்தாலியில். வட ஐரோப்பியரிடம் பரவலாக உள்ள அந்த மாற்றம் இந்தியர்களிடம் மிக அரிது. இதெல்லாம் ஆசிரியர் அறியாததா?

என் தாயார் முந்திரி ஆலையிலேயே காலத்தைக் கழித்தவர். தம்பி பேச்சிப்பாறை வண்டியில் நடத்துநர். நாள் முழுக்க நின்றே வேலை. இருவருக்கும் கணுக்காலின் உட்புறம் தோல் கறுத்துப் புண்ணானது. அம்மாவுக்கு எண்ணெயும் பொடியும்தான் கிடைத்தன. புண்ணோடுதான் போய்ச் சேர்ந்தார். தம்பிக்கு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் ஓட்டம் சரிதான் என்று பார்த்தபிறகு அழுத்தக் கட்டு போட்டார்கள். பழுதான சிரையையும் அடைத்தார்கள். ஆறிவிட்டது. அதே ரத்தம்தானே ஐயா? பிரிட்டனில் 2018-இல் வெளியான ஆய்விலும், சிரையை முன்கூட்டியே அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாள் ஆனது. எங்கள் ஊர் வைத்திய ஆசான்கூட "நாளத்தைப் பார்த்துவிட்டு வா" என்றுதான் தம்பியை அனுப்பினார். தலையெழுத்து என்று அவர் சொல்லவில்லை.

அதே பக்கத்தின் அடியில், எப்பேர்ப்பட்ட புண்ணையும் ஆற்றும் எண்ணெய்க்கு விளம்பரம். மேலே மாறாது, கீழே ஆறும். எதை நம்புவது என்று வாசகர் சீட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

நின்றே வேலை செய்பவர்களின் கால் நோய் பற்றி முன்பு ஒரு கடிதம் எழுதினேன். அதில் பாதியை வெட்டியதோடு, என் ஊரைக் குலசேகரன்பட்டினம் என்று அச்சிட்டீர்கள். அது ராக்கெட் ஏவுதளம் அமையும் ஊர், தூத்துக்குடி மாவட்டம். நான் இருப்பது ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே.

அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், ஆறாத கால் புண் உள்ளவர்கள் முதலில் சிரை, தமனி இரண்டையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி போடுங்கள். எண்ணெய் விளம்பரத்தை வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள். கடிதத்தை வெட்டுவதானால் வெட்டிக்கொள்ளுங்கள், ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.