சீனாவுக்குத் தனிக் கணக்கு

அன்புள்ள குமரனுக்கு,

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே "சரி அம்மா, பார்த்துக்கொள்கிறேன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டாய். பணக் கணக்கென்றால் உனக்கு எங்கிருந்துதான் அவசரம் வருமோ. அதனால் எழுதுகிறேன், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

வளரும் சந்தைகளுக்கான நிதியில், அதாவது சீனா, இந்தியா, தைவான் போன்ற நாடுகளின் பங்குகளை வாங்கும் நிதியில், மாதாமாதம் பணம் போடப்போகிறாய், சீனாவை நம்ப முடியாது என்பதால் சீனா இல்லாத நிதியாகப் பார்த்து வாங்கப்போகிறாய். இதுதானே உன் திட்டம்? சீனாவைப் பிரித்து வைப்பது சரி. பிரித்ததோடு அது உன் கணக்கிலிருந்தே போய்விட்டது என்று நினைக்கிறாயே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

பொதுவான நிதிகளில் பல எம்எஸ்சிஐ குறியீட்டைப் பின்பற்றுகின்றன; அதாவது, அந்த நிறுவனம் போடும் பங்குப் பட்டியலில் உள்ளபடியே வாங்குகின்றன. அதில் 24 நாடுகள். எந்த நாட்டுக்கு எவ்வளவு என்பதைப் பங்குகளின் சந்தை மதிப்பே தீர்மானிக்கிறது. 2020-இல் சீனாவின் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டியது. 2024 தொடக்கத்தில் கால் பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. பந்தியில் பாதி இடத்தை ஒருவரே பிடித்துக்கொண்டால், ஊருக்கே விருந்து வைத்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? அந்த 40-ம் நீ கேட்டதில்லை, 25-ம் நீ கேட்டதில்லை. அதை நீயே முடிவு செய்வதற்குத்தான் தனிக் கணக்கு.

சீனாவுக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை என்று கேட்பாய். அங்கே அரசின் ஒரு அறிவிப்பு ஒரு தொழிலையே புரட்டிப் போட்டுவிடும். 2020 நவம்பரில் அலிபாபாவோடு தொடர்புள்ள நிதிச் சேவை நிறுவனமான ஆன்ட் குழுமத்தின் பங்கு வெளியீடு கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சி நிறுவனங்கள் லாபம் பார்க்கக் கூடாது என்று ஆணை வந்தது. போதாததற்கு, இணைய வணிக நிறுவனமான அலிபாபாவின் பங்கு என்று நியூயார்க்கில் நீ வாங்குவது கேமன் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கு; சீனாவில் உள்ள முக்கியமான உரிமங்கள் சில அதற்கு நேரடியாகச் சொந்தமில்லை, ஒப்பந்தங்களின் வழியாகவே கட்டுப்பட்டவை. 2022 மார்ச்சில் ரஷ்யாவை ஏறக்குறையப் பூஜ்ஜிய விலையில் குறியீட்டிலிருந்து தூக்கினார்கள். அது சிறு பங்கு என்பதால் பலர் கவனிக்கவே இல்லை. கால் பங்குக்கு அப்படி நேர்ந்தால் கவனிக்காமல் இருக்க முடியாது.

இனி உன் ஓய்வூதிய நிதிக்கு வருகிறேன். அதன் பங்குப் பட்டியலை நீ திறந்து பார்த்ததே இல்லை என்று பந்தயம் கட்டுவேன். அதில் நம் தென்னாப்பிரிக்க நிறுவனமான நாஸ்பர்ஸ் இருக்கும், அநேகமாக அதிலிருந்து பிரிந்த புரோசஸும் இருக்கும். 2001-இல் நாஸ்பர்ஸ் மூன்று கோடி டாலர் சொச்சம் கொடுத்து ஷென்செனில் உள்ள டென்சென்ட் என்ற சீன இணைய, விளையாட்டுச் செயலி நிறுவனத்தில் 46.5 விழுக்காட்டை வாங்கியது. அந்த ஒரு கொள்முதலின் பலத்தில், ஒரு காலத்தில் நம் ஜோகன்னஸ்பர்க் சந்தைக் குறியீட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நாஸ்பர்ஸாகவே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விற்றார்கள். 2019-இல் டென்சென்ட் பங்கு உள்ளிட்டவற்றைப் புரோசஸ் என்று பிரித்து ஆம்ஸ்டர்டாமில் பட்டியலிட்டார்கள். இன்றும் அந்த இரண்டின் மதிப்பில் பெரும்பகுதி டென்சென்ட்தான். ஓய்வூதிய நிதிகள் 45 விழுக்காடு வரை வெளிநாட்டில் போடலாம் என்று 2022-இல் விதியைத் தளர்த்தினார்கள் அல்லவா? அந்த வரம்புக்குள் நாஸ்பர்ஸ் வராது. சட்டத்தின் கண்ணுக்கு அது உள்நாட்டுப் பங்கு.

இந்த நாஸ்பர்ஸ் யார் தெரியுமா? 1915-இல் டச்சு வழிவந்த வெள்ளையரான ஆஃப்ரிகானர்கள் தொடங்கிய அச்சகம். அதன் நாளிதழுக்கு முதல் ஆசிரியர் டி. எஃப். மலான், 1948-இல் பிரதமராகி இனஒதுக்கலை அரசுக் கொள்கையாக்கிய அதே மலான். அவருடைய அரசு 1950-இல் கொண்டுவந்த, இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த சட்டத்தால்தான் உன் தாத்தா டர்பனில் கேட்டோ மேனர் வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வர வேண்டியிருந்தது. இப்போது அந்த நிறுவனத்தின் தயவில் அவருடைய பேரனின் ஓய்வுக்காலம் ஷென்செனில் விளையாட்டுச் செயலிகளை நம்பி இருக்கிறது. உன் தாத்தா இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

இது நேரடியான சீனா. மறைமுகமானதும் உண்டு: நம் நாட்டுச் சுரங்க நிறுவனமான கும்பாவின் இரும்புத் தாதுவைப் பெருமளவில் வாங்குவது சீனா. அங்கே கட்டுமானம் படுத்தால் இங்கே சுரங்கப் பங்கும் நம் நாணயமான ராண்டும் சேர்ந்து படுக்கும். உன் சம்பளமும் ராண்டில்தான்.

சீனா நீக்கிய நிதியில் பாதிக்கு மேல் தைவான், இந்தியா, தென்கொரியா. டிஎஸ்எம்சி என்ற ஒரே தைவான் கணினிச் சில்லு நிறுவனம் பத்தில் ஒரு பங்குக்கு மேல். தைவான் நீரிணையில் ஏதாவது நடந்தால் அந்த நிதி மட்டும் தப்பிக்காது. எம்எஸ்சிஐக்குப் போட்டியான எஃப்டிஎஸ்இ குறியீட்டைப் பின்பற்றும் நிதியாக இருந்தால் தென்கொரியாவும் இருக்காது, அவர்கள் கணக்கில் அது வளர்ந்த நாடு. எந்தக் குறியீடு என்று பார்த்து வாங்கு.

அதனால், முதலில் ஓய்வூதிய நிதியின் பட்டியலை எடுத்து, நாஸ்பர்ஸ், புரோசஸ் இரண்டின் தொகையையும் சீனா என்று தலைப்பிட்டுத் தனியே எழுது. உன் வளரும் சந்தைப் பணம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சீனா வேண்டாம் என்பது என் கருத்து. நீ வேறு எண் வைத்தாலும் சரி, எண் ஒன்று இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சரிபார். மிஞ்சினால் குறை, குறைந்தால் சேர். 2024 செப்டம்பர் கடைசியில் பெய்ஜிங் ஊக்கத் திட்டங்களை அறிவித்ததும் சீனப் பங்குகள் சில நாள்களில் எகிறியபோது, முழுவதையும் முன்பே விற்றுவிட்டவர்கள் வேடிக்கைதான் பார்த்தார்கள்.

கூட்டிப் பார்த்தால், நீ நீக்கப் பார்க்கும் சீனா உன்னிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கலாம். அப்படியானால் சீனா இல்லாத நிதியைத் தாராளமாக வாங்கு, சீனாவுக்கென்று புதிதாக ஒரு ராண்டும் வேண்டாம். பட்டியலை எனக்கும் அனுப்பு. கிரே தெருக் கடையில் கணக்கு எழுதிய கை இது, அரை மணி நேர வேலை.

அன்புடன்,
அம்மா