50-க்கு 37

ஏற்காடு,
பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு,

நீ காய்ச்சிய பீரைச் சுவைத்து மதிப்பெண் போட்டுவிட்டேன். நீ அனுப்பிய தாளை நிரப்பிப் படமெடுத்துத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அதிலுள்ள எண்களை மட்டும் பார்த்தால் உனக்குக் கோபம் வரக்கூடும் என்பதால், ஒவ்வோர் எண்ணும் எப்படி வந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். மகள் என்று தயவு பார்க்காமல், காப்பிக்குப் போடுவதைப் போலவே போட வேண்டும் என்று கேட்டவள் நீதான்.

முதலில் என் பக்கத்துத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன ஏப்ரலில் நீ கொண்டுவந்த இரண்டு பாட்டில்களையும் மலை வீட்டின் சாமான் அறையில் வைக்கச் சொன்னாய். ஒன்றைத்தான் வைத்தேன். உன் பெரியப்பா கண்ணில் பட்டால் அன்றிரவே திறந்துவிடுவார் என்று பயந்து, மற்றொன்றைச் சேலம் அஸ்தம்பட்டி வீட்டுப் பரண்மேல் பித்தளை அண்டாவுக்குள் ஒளித்து வைத்தேன். மலையேறும்போது அதை மறந்தே போனேன். இந்தப் பொங்கலுக்கு அண்டாவை இறக்கியபோதுதான் பாட்டில் உருண்டு வந்தது. சேலத்தின் ஏப்ரல், மே மாத வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் எப்படிக் கொதிக்கும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் இந்த மறதியால் ஒரு நன்மையும் விளைந்தது. ஒரே பீப்பாயில் ஊறி ஒரே நாளில் அடைக்கப்பட்ட இரண்டு பாட்டில்களில், ஒன்று ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் மிளகுச் சாக்குகளுக்கு நடுவே இருட்டில் இருந்தது, மற்றொன்று இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே வெந்துகொண்டிருந்தது. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

காலைச் சிற்றுண்டிக்கு முன்பே உட்கார்ந்தேன். பசித்த நாக்குதான் பொய் சொல்லாது என்பது காப்பியைச் சுவைத்து மதிப்பெண் போடும் கப்பிங் மேசையில் நாங்கள் பழகிய பாடம். எவர்சில்வர் டம்ளர் மூக்கை ஏமாற்றும் என்பதால், வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பைகள் இரண்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். எது எந்தப் பாட்டில் என்று எனக்குத் தெரியாதபடி அவள் சமையலறையிலேயே ஊற்றி, அடியில் சீட்டு ஒட்டிக் கொண்டுவந்தாள். "1937-இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான், இங்கேயே உட்கார்ந்து விடிந்ததும் விடியாததுமாக மார்க் போடுகிறீர்களே" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை; அவள் சொன்னது உண்மைதானே.

ஒவ்வொரு கோப்பையிலும் ஐம்பது மில்லிக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். 13.2 சதவீதம் என்று நீ சீட்டில் எழுதியிருந்ததை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து சதவீதச் சாதாரண பீராக இருந்தால், 650 மில்லி பெரிய பாட்டில் இரண்டில் எவ்வளவு சாராயம் இருக்குமோ அவ்வளவும் உன்னுடைய இந்த அரை லிட்டரில் இருக்கிறது. காப்பியை நாங்கள் உறிஞ்சித் துப்பிவிடுவோம். பீரில் தொண்டைக்குள் இறங்கும் கசப்பையும் எடைபோட வேண்டும், அதனால் துப்பக்கூடாது என்று நீ எழுதியிருந்தாய்; ஆகவே ஒவ்வொன்றிலும் நான்கு சிறு மிடறு மட்டும் விழுங்கினேன்.

சேலத்துப் பாட்டில் எது என்பதை முகர்ந்த மாத்திரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடையும், அதற்கு அடியில் பழம்புளியும் சோயா சாஸும் கலந்ததுபோன்ற ஒரு உப்புக் கரிப்பும் இருந்தன. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இத்தகைய மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பதை நான் காப்பிக் கிடங்கில் பார்த்திருக்கிறேன்; மேல்தோல் உரிக்காத காப்பிக்கொட்டையான பார்ச்மென்ட்டைத் தகரக் கூரைக்கு அடியில் இரண்டு கோடை வைத்திருந்தால் கொட்டையில் சாக்கு வாடைதான் மிஞ்சும். அந்தப் பாட்டிலுக்கு 23 போட்டிருக்கிறேன், அது உன் கணக்கில் சேராது. அந்த எண் என் மறதிக்கு உரியது.

இனி மலைப் பாட்டிலைப் பற்றிச் சொல்கிறேன். நிறம் காய்ச்சிய கருப்பட்டிப் பாகு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலும் ஒளி ஊடுருவவில்லை. காப்பிப்பொடி நிறத்தில் எழுந்த நுரை சீக்கிரமே அடங்கியது, ஆனால் இவ்வளவு வலிய பீரில் நுரை நிற்காததைக் குறையாகக் கொள்ள வேண்டாம் என்று தாளிலேயே இருக்கிறது. எனவே தோற்றத்துக்கு மூன்றுக்கு மூன்று. மணத்தில்தான் எனக்கு உண்மையான வியப்பு. முற்றிய தேங்காயைத் தணலில் சுட்டால் எழும் வாசனை முதலில் வந்தது, அதன்பின் வெனிலா, அதன்பின் உலர்ந்த அத்தி, கடைசியில் சூடான மரப்பலகை. தேங்காயே போடாத பீரில் தேங்காய் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது உன் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஓக் மரத்திலேயே அந்த வாசனைக்குரிய பொருள் இருக்கிறது என்றும், பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் கருக்கும்போது மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் உடைந்து வெனிலா மணம் பிறக்கிறது என்றும் எழுதியிருந்தாய். பார்பன் விஸ்கியைப் புதிதாகக் கருக்கிய ஓக்கில்தான் ஊறவைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்வதால், ஒருமுறை பயன்பட்ட இருநூறு லிட்டர் பீப்பாய்கள் உங்களைப் போன்றவர்களுக்கு மலிவாகக் கிடைக்கின்றன என்பதும் அதில்தான் இருந்தது. ஓர் ஊரின் சட்டம் இன்னொருவர் கோப்பைக்கு மணம் தருவது எனக்குப் பிடித்திருந்தது. மணத்துக்குப் பன்னிரண்டில் பத்து போட்டேன்.

வாயில் பாரம் நன்றாக இருந்தது. நாக்கின்மேல் நெய்போலப் படர்ந்து, பின் மெல்லச் சூடேற்றியபடி இறங்கியது; சாராயம் தொண்டையைச் சுடவில்லை, ஆனால் கடைசியில் ஒரு சிறு திகட்டல் இருந்ததால் ஐந்தில் நான்கு. சுவைக்கு இருபதில் பதினைந்தும், மொத்த மதிப்பீட்டுக்குப் பத்தில் ஏழும் எழுதிக் கூட்டியபோது 39 வந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். உன் தாளின்படி 38-ஐத் தொட்டாலே அது மிகச் சிறந்த வகை என்பதை நான் கவனிக்காமலில்லை.

அப்போதுதான் அம்மா கோப்பையை எடுத்து முகர்ந்தாள். அவள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. "அடிப்பிடித்த பாயசம்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. காப்பியைச் சுவைக்கும்போது நாங்கள் 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் பொடி போட்டு, நான்காவது நிமிடம் மேலே மிதக்கும் பொடி ஏட்டை உடைத்து, அது ஆற ஆற மறுபடி மறுபடி உறிஞ்சிப் பார்ப்போம். சூட்டில் ஒளிந்திருக்கும் குறை, ஆறிய பிறகு வெளியே வரும். பீர் இதற்கு நேர் எதிர் என்பதை நான் மறந்துவிட்டேன். குளிர்ந்திருக்கும்போது அடங்கிக் கிடப்பது, சூடேறினால்தான் பேசுகிறது. அந்தக் கோப்பை அரைமணி நேரம் வெயில்பட்ட மேசையில் இருந்திருந்தது. மறுபடி ஒரு மிடறு குடித்தேன். அம்மா சொன்னது சரி. தேங்காயும் வெனிலாவும் விலகிய இடத்தில் கரிந்த பார்லியின் வறட்டுக் கசப்பு நின்றது, அது நாக்கின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போகவே இல்லை. சிக்கரியை அள்ளிப் போட்டு மட்டமான கொட்டையை மறைப்பவர்களை நான் வாழ்நாள் முழுவதும் கண்டித்திருக்கிறேன். உன் பீப்பாய் அதைப் போன்ற ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். பதினொரு மாதம் மரத்தில் ஊறினால் பீரைவிட மரம் உரக்கப் பேசத் தொடங்கும், அந்த இரைச்சலில் அடியிலிருக்கும் குறை காய்ச்சியவளுக்கே கேட்காமல் போயிருக்கும்.

சுவையின் பதினைந்தைப் பதின்மூன்றாகத் திருத்தினேன். மொத்தம் 37. மிகச் சிறந்த வகைக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைவு. அந்த ஒன்றை எங்கேயாவது கூட்டிவிடலாமா என்று தாளை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தோற்றத்தில் ஏற்கெனவே முழு மதிப்பெண் போட்டிருந்தேன், மணத்தில் பதினொன்று போட மனம் ஒப்பவில்லை.

காய்ச்சும் தொழிலில் உனக்குச் சொல்லித்தரும் தகுதி எனக்கில்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். வறுத்த பார்லியை முதலிலிருந்தே வெந்நீரில் மற்ற தானியங்களோடு சேர்த்து ஊறவைக்கிறாயா? ஃபில்டரில் முதல் டிகாக்ஷன் இறங்கிய பிறகு அதே பொடியில் மறுபடி கொதிநீர் ஊற்றினால் வெறும் கசப்புதான் இறங்கும் என்பதைச் சிறுவயதில் நீயே முகம் சுளித்துக் காட்டியிருக்கிறாய். வறுத்த தானியத்தை மட்டும் தனியே பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்துக் கடைசியில் சேர்த்தால், நிறமும் மணமும் வந்து கரிந்த கசப்பு குறையலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. செய்து பார்த்துச் சொல்.

அடுத்த முறை வரும்போது பீப்பாயில் ஊறியதோடு, பீப்பாய்க்குள் போகாத அதே பீரிலும் ஒரு பாட்டில் கொண்டுவா. மரம் இல்லாமல் நீ காய்ச்சியதைத் தனியாகப் பார்க்க வேண்டும் கண்ணு. இரண்டையும் அடிவாரத்தில் இறக்காமல் நேராக மலைக்கே கொண்டுவர நானே வண்டியோடு வருகிறேன்.

இந்த வருடக் காப்பிப் பழத்தில் முதல் களத்தில் காய்ந்ததை அரைக்கிலோ வறுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். டிசம்பரில் நான்கு நாள் விடாமல் பெய்த தூறலில் அது சரியாகக் காயவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். நூற்றுக்கு எவ்வளவு என்று போட்டு அனுப்பு. ஆறிய பிறகும் ஒருமுறை குடித்துவிட்டுப் போடு.

அன்புடன்,
அப்பா